பனியை மழையாக்கினேன்

நான் காதலித்தவரை வேவு பார்த்தேன். காதலித்துக்கொண்டே பார்த்தேன்! உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன்.

கணினி விளையாட்டுகளில் மலரும் காதல் மெய்யா, அதுவும் ஓர் ஆட்டம்தானா? இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சிரிக்காதீர்கள்! சிங்கப்பூரில், சுவா சூ காங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவே சிரித்தார். "கேம் விளையாடறதுக்கு டாக்டர் பட்டமா?"

ஆய்வுக்காகவே, சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர் குழுவாக ஆடும் ஒரு மலையேற்ற விளையாட்டில் சேர்ந்தேன். முதல் நாளே பனிப்புயலில் வழி தவறினேன். எல்லாரும் உச்சியை நோக்கி ஓடிவிட்டார்கள். ஒருவர் மட்டும் தீப்பந்தத்தோடு திரும்பி வந்து, பனியில் நின்றார்.

"மெதுவா வாங்க. உச்சி எங்கயும் ஓடிப் போயிடாது" என்று திரையில் எழுதினார்.

அடடா... அந்த நொடி! உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்தது எனக்குள் இருந்த ஆய்வாளருக்கா, எனக்கா? இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

அவர் பெயர் அமல்ராஜ். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. நாள்தோறும் ஏறினோம், பேசினோம். அவர் மனம் திறந்து எழுதியதையெல்லாம் ஆய்வுக்கெனச் சேமித்துவைத்தேன். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரிடமும் தனித்தனியே அனுமதி பெற்றேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை! கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுமோ... அவரே போய்விடுவாரோ... அச்சமா அது, பேராசையா? இரண்டும்தான்.

ஆய்வேட்டில் அவர் பெயரையும் சொற்களையும் மாற்றினேன். பனியை மழையாக்கினேன். தீப்பந்தத்தைக் குடையாக்கினேன். என்னை வேறொரு பெண்ணாக்கினேன். "இந்த அத்தியாயத்தில்தான் உயிர் இருக்கிறது" என்றார் என் பேராசிரியர். பட்டம் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன்!

அதற்குள் நாங்கள் நேரிலும் சந்தித்திருந்தோம், லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தை வாசலில். அங்கேயே பேசத் தொடங்கினோம். பேச்சு நிற்கவே இல்லை! திருமணம் வரை வந்துவிட்டோம்.

"நீ எழுதினதை நான் படிக்காம யாரு படிக்கிறது?" என்று ஆய்வேட்டைக் கேட்டு வாங்கினார். சென்ற மாதம் தேக்காவில் தேநீர் குடித்தபடி கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென உரக்கச் சிரித்தார்.

"செலின், இங்க பாரேன்! இவனும் என்னை மாதிரிதான் லா! நான் பனியில நின்னேன், இவன் மழையில நிக்கிறான்!"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நாக்கு நுனிவரை வந்தது... நானும் சேர்ந்து சிரித்தேன்.

"கடைசியில அந்தப் பொண்ணு இவனைக் கட்டிக்கிட்டாளா?"

"தெரியல" என்றேன். எப்படி முடிந்தது என்னால்?

கடந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் திருமண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்றார் பங்குத்தந்தை. அமல்ராஜ் என் பக்கம் திரும்பிக் கண்சிமிட்டினார்.

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா உங்களுக்கு! நெஞ்சு வெடித்துவிடும்போல் மகிழ்ச்சி! அந்தக் கூட்டத்தில் தடையை அறிந்தவள் நான் ஒருத்திதான்...

நான் எழுந்திருக்கவில்லை.