தளபதி ஏன் திரும்பிப் பார்க்கவில்லை: காட்பாடியிலிருந்து புத்தூர் வரை

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் என் அக்காவும் சித்தூர், திருப்பதி, புத்தூர் பக்கம் போய்வந்தோம். மலை ஏறவில்லை, சாமி கும்பிடவில்லை. முப்பத்தைந்து வருடச் சண்டை ஒன்றைத் தீர்க்கப் போனோம். யார் ஜெயித்தது என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான்தான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது தொலைக்காட்சியில் ஒரு சரித்திரத் தொடர் வந்தது. பழைய நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. பெயரை எழுதினால் கருத்துப் பெட்டியில் சண்டை நடக்கும், எனவே எழுதவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் 'செவ்வாய்க்கிழமைக் கதை' என்று பெயர். அன்று சாயங்காலம் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். கோட்டைத் தளபதிதான் கதாநாயகன். பத்தாம் வகுப்பில் இருந்த வசந்தி அக்காவுக்கு அவர்மேல் உயிர்.

பதினான்காவது வாரத்திலிருந்து தளபதி வலது தோளில் ஒரு கருஞ்சால்வை போர்த்திக்கொண்டு வர ஆரம்பித்தார். கை வெளியே தெரியாது. தண்ணீர் குடித்தாலும் இடது கைதான். அப்பா செத்த துக்கத்தில் எடுத்த விரதம் என்று எல்லாரும் உருகினார்கள். ஊரில் பாதிப் பேர் சால்வை வாங்கினார்கள். நான் மட்டும் சொன்னேன், "அவருக்குக் கை உடைஞ்சிருக்கு." எனக்கு எப்படித் தெரியும்? அந்த வருடம் எனக்கும் கை உடைந்து, புத்தூருக்குக் கூட்டிப்போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு போட்டிருந்தார்கள். அந்தக் கட்டோடு ஒரு ஆள் எப்படித் தோளைத் தூக்கிக்கொண்டு உட்காருவான், துணிக்குள் பத்தை எங்கே முட்டும் என்று எனக்குத் தெரியாதா?

அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து என் பெயர் 'மாவுக்கட்டு'. என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்கூட அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினாள்.

அக்கா இப்போது காட்பாடியில் தமிழாசிரியை. அந்தத் தொடருக்கு வாட்ஸப்பில் ரசிகர் குழு நடத்துகிறாள், இருநூற்றுச் சொச்சம் பேர். அங்கேயும் சால்வை என்றால் விரதம்தான். நான் வாயைத் திறந்தால் சிரிப்புப் பொம்மையாக வந்து விழும். பயணத்துக்கு முந்தின மாதம், டிசம்பரில், என் வலைப்பூவில் இதைப் பற்றிப் புலம்பி நாலு வரி எழுதினேன். அதற்கடியில் லோகேஸ்வரி என்பவர் ஒரு கருத்துப் போட்டார்: "சார், நீங்க சொன்னது சரி. கை உடைஞ்சதுதான். அவருக்குப் பதிலா குதிரை ஓட்டினது எங்க நைனா." நைனா என்றால் அந்தப் பக்கத்துத் தமிழில் அப்பா. லோகேஸ்வரி ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், வீடு புத்தூர் அருகே. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யார் வேணும்னாலும் எழுதலாம்டா. நானே வந்து கேக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை 7.15க்குக் காட்பாடியில் ரயில் ஏறினோம். சித்தூர் வழியாகத் திருப்பதி, நூற்றைந்து கிலோமீட்டர். சித்தூரில் கூட்டம் ஏறியது. பாகாலாவில் எதிர் ரயிலுக்காக இருபது நிமிடம் நின்றோம். அங்கே வாங்கிய மசால் வடை (நாலு நாற்பது ரூபாய்) நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். 10.20க்குத் திருப்பதி. அறை முன்பே போட்டிருந்தேன், ஆயிரத்து நானூறு. சனிக்கிழமை அங்கே போய் இறங்கி அறை தேடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

மதியம் சந்திரகிரிக் கோட்டை. திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். பேருந்துக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். நாங்கள் ஆட்டோவில் போனோம், முந்நூற்றைம்பது. ஓட்டுநர் பாதித் தமிழ் பாதித் தெலுங்கில், "கோட்டை சூசி ஏம் சேஸ்தாரு சார்? எல்லாரும் மலைக்குப் போறாங்க" என்றார், கோட்டையைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று. சுவாமி அங்கேயேதான் இருப்பார், கோட்டைக்கு இன்றைக்குத்தான் நேரம் என்றேன். "பரவாலேது" என்று ஒரு ஐம்பதைக் குறைத்தார், முந்நூறு ஆனது.

நுழைவுச்சீட்டு ஆளுக்கு இருபத்தைந்து. ராஜமகாலுக்குப் பின்னால் பாறை மலை எழும்பி நிற்கிறது. அதன் அடிவாரச் சரிவில்தான் தொடரின் மிகப் பெரிய காட்சி எடுக்கப்பட்டது. ராணி தளபதியை நாட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். நாவலில் அவன் மூன்று முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான். தொடரில் முதுகு மட்டும் தெரிகிறது. பாதி ஏற்றத்தில் குதிரை நிற்கிறது. மூன்று நொடி. தளபதியின் தோள் லேசாக உயர்கிறது. திரும்பவில்லை. குதிரை மேலே போகிறது. அன்றைக்கு எங்கள் கூடத்தில் மூக்கைச் சிந்தாதவர் இல்லை, என்னையும் சேர்த்து. அக்கா இருபத்தைந்து வருடமாக இதை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறாள். நாவலில் திரும்புகிறவனைத் தொடரில் ஏன் திரும்பவிடவில்லை, யோசியுங்கள் என்று.

அந்தச் சரிவைப் பார்த்தபடி அக்கா ரொம்ப நேரம் நின்றாள். எனக்குப் பயம் வந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், இரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா மாமியார் வீட்டைவிட்டு வெளியே வந்தாள். ஏன் என்று இங்கே எழுத வேண்டாம், வந்தது சரி. தெருமுனையில் யாரோ கூப்பிட்டார்களாம். "தளபதியை நினைச்சுக்கிட்டேன்டா, திரும்பாம வந்துட்டேன்" என்று அன்று ராத்திரி எங்களிடம் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கை உடைந்தது உண்மை என்றால், அந்தச் சவாரி தளபதி நடிகருடையது இல்லை. முகம் தெரியக்கூடாது என்பதற்காக எவனோ ஒருவன் திரும்பாமல் போயிருக்கிறான். நான் ஜெயித்தால் அக்கா கையில் என்ன மிஞ்சும்? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் முப்பத்தைந்து வருடம் மாவுக்கட்டாக இருந்தவனுக்கு அந்த ஒரு நிமிடம் போதவில்லை.

ஞாயிறு காலை 9 மணிக்குப் புத்தூர் பேருந்து. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். கைகால் கட்டோடு ஏழெட்டுப் பேர் பேருந்து நிலையத்திலேயே இருந்தார்கள். அவர்கள் தோளைத் தூக்கி உட்கார்ந்திருந்த விதத்தை அக்காவுக்குக் காட்டினேன். "பாத்துட்டேன், வா" என்றாள். லோகேஸ்வரி ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் ஷேர் ஆட்டோவில் நகரி சாலையில் ஆறு கிலோமீட்டர் போனோம், தலைக்கு இருபது. வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. அவருடைய அப்பா முனிரத்தினம் அறுபது தாண்டியவர், ஒல்லி, முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அம்மா சரோஜா சங்கட்டி கிண்டிக்கொண்டிருந்தார். கேழ்வரகுக் களியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அக்கா விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் அந்தத் தொடருக்கும் எப்படிங்க ஐயா சம்பந்தம்?"

"நான் புத்தூர் டேசன்ல ஜட்கா ஓட்டிக்கினு இருந்தேம்மா" என்றார் முனிரத்தினம். "ரயில்ல வர்ற கைகால் ஒடைஞ்சவங்கள ஏத்திக்கினு போயி கட்டு கட்ற எடத்துல உடுவேன். ஒரு நாளு கார்ல ஒருத்தர வேஷத்தோட கொண்டாந்தாங்க. கிரீடம், மீசை எல்லாம் இருக்குது, வலது கை தொங்குது. சந்திரகிரில சூட்டிங்காம், குதிரை மிரண்டு தள்ளிடுச்சாம். கூட வந்த ஆளு என் குதிரையப் பாத்தாரு, அப்பறம் என்னப் பாத்தாரு. ஏறி ஓட்டுவியான்னாரு. வண்டியே ஓட்றேன், குதிரை ஓட்ட மாட்டனான்னேன். என் குதிரையயும் லாரில ஏத்திக்கினு போயிட்டாங்க. ஆறு நாளு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மலைச் சரிவுல போற காட்சி?"

"அதுவும் நான்தாம்மா."

"கோவிச்சுக்காதீங்க. அதுல முகமே தெரியாது. யார் வேணும்னாலும் நான்தான்னு சொல்லலாம் இல்லையா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லலாம்மா. ஆனா பாதி ஏத்தத்துல குதிரை நின்னுச்சி பாரு, எதுக்கு நின்னுச்சின்னு கேளு. அதுக்குக் காரணம் இவதான்" என்று சமையற்கட்டைக் கைகாட்டினார்.

அந்த மூன்று நொடியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சரோஜா அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "பின்ன இன்னாம்மா. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஏத்திவுட்டு ஏத்திவுட்டு எறக்கிக்கினு இருந்தாங்க. நான் இவள இடுப்புல வெச்சிக்கினு வேடிக்கை பாக்கறேன்" என்று லோகேஸ்வரியைக் காட்டினார். "வயிறு எரிஞ்சி போச்சி. 'யோவ், துன்னுட்டுப் போயா'ன்னு கத்திட்டேன். தெனம் புல்லு போடறவ இல்ல? குதிரைக்கு என் கொரலு தெரியும், நின்னுடுச்சி. இந்த ஆளு மட்டும் திரும்பல."

"கூப்பிட்டும் ஏன் திரும்பல?" என்றாள் அக்கா.

"திரும்பினா மூஞ்சி தெரிஞ்சிடும்னு சொல்லி வெச்சிருந்தாங்கம்மா. மறுபடியும் மலை ஏறணும். ஆனா திரும்பணும்னுதான் இருந்துச்சி. அவ்ளோ பசி."

"மூணு நாளு நான் பேசல" என்றார் சரோஜா அம்மா.

தமிழ்நாடே அழுத அந்த மூன்று நொடி, பசித்த மனுஷனைச் சாப்பிடக் கூப்பிட்ட நேரம். எனக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஐயோ, உடைத்துவிட்டோமே என்று இருந்தது. ஆனால் அவள்தான் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு, எங்கள் வீட்டில்கூட முழுதாகச் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னாள்.

"நானும் ஒரு நாள் தெருமுனையில அப்படித்தாம்மா நின்னேன். இடுப்புல புள்ள. பின்னாடி கூப்பிட்டாங்க. இவர் திரும்பலையேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நானும் திரும்பாம வந்தேன்."

"யாரு கூப்ட்டது?"

"மாமியார்."

"துன்னவா கூப்ட்டாங்க?"

"இல்ல. நகையக் கழட்டி வெச்சிட்டுப் போன்னு."

"அப்ப திரும்பாததுதான் சரி" என்று சொல்லி, சரோஜா அம்மா எங்களை இலைமுன் உட்காரவைத்து, நாட்டுக்கோழிக் குழம்பை முதலில் அக்காவுக்கு ஊற்றினார். முனிரத்தினம் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

மாலை 4.30க்குப் புத்தூர் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டோம். ரயில் வருவதற்குள் போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சந்திரகிரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மதிய வெயிலில் பாறை சுடும், நாலு மணிக்குமேல் போனால் சரிவில் நல்ல வெளிச்சமும் கிடைக்கும். மலைமேல் கோட்டைக்குப் போகலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களை விடவில்லை. திருப்பதியிலிருந்து புத்தூருக்கு ரயிலும் உண்டு, ஆனால் காலையில் பேருந்துதான் வசதி. திரும்புவதற்கு அரக்கோணம் வழி நல்லது, அங்கிருந்து சென்னைக்கும் காட்பாடிக்கும் வண்டி கிடைக்கும். இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. முனிரத்தினம் ஐயா வீட்டு முகவரி கேட்டு எழுதாதீர்கள், தர மாட்டேன். அவருக்கு மாங்காய் வேலை இருக்கிறது.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா எதிர் இருக்கையில், ஜன்னல் ஓரம். நகரி தாண்டும்வரை நான் அவளைச் சீண்டவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு போனை எடுத்து நிறைய நேரம் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் என்னிடம் நீட்டினாள். ரசிகர் குழு திறந்திருந்தது.

"தளபதிக்குக் கை உடைந்திருந்தது. சால்வை விரதம் இல்லை. கோட்டையை விட்டுப் போனது புத்தூர் ஜட்காக்காரர் முனிரத்தினம். பின்னால் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. இனி வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன். கை உடைந்ததை என் தம்பி பாபு மூன்றாம் வகுப்பிலேயே சொன்னான். நான்தான் அடித்தேன்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"சரியா இருக்கா? இருந்தா நீயே அனுப்பு" என்றாள் அக்கா.

பெருந்தன்மையாக, வேண்டாம் அக்கா, நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.