பலகைக்கு அடியில் ஒரு கை

பிள்ளைகளா, நேற்றுச் சாயங்காலம் கைப்பேசியில் ஒரு நாய் சீசா பலகையில் ஓடி ஏறி மறுபக்கம் இறங்கியதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் கை தட்டினீர்கள். பலகை தரையில் மோதிய சத்தம் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பாவுக்கு நாயின்னா பயம்" என்று சின்னவன் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. பயம் இல்லை சாமி. உங்கள் அப்பா நாய்களுக்குச் சோறு வைத்துத்தான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தான். ராத்திரி வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூத்தவள் தொட்டிலில் கிடந்த காலம் அது. செண்பகனூரில் பஸ் ரோட்டுக்குக் கீழே ஒரு பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பங்களாக்காரரை நாங்கள் ஐயா என்போம். தாண்டிக்குடியில் அவருக்குக் காபித் தோட்டம் இருந்தது, ஆனால் மனசெல்லாம் நாய்ப் போட்டிகளில்தான். புல்வெளியில் நாய் தாண்டுவதற்குக் கம்பு, நுழைந்து வருவதற்குத் துணிக் குழாய் என்று என்னென்னவோ வைத்திருந்தார். எல்லாவற்றிலும் கஷ்டமானது சீசா பலகை. நாய் ஒரு முனையில் ஏறி நடுவைத் தாண்டியதும் பலகை அதன் காலுக்குக் கீழேயே சாயும். மறுமுனை தரையில் அறையும்வரை குதிக்காமல் நின்று, அப்புறம்தான் இறங்க வேண்டும். பங்களாவில் சமைத்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, நம்ம பிள்ளைக பள்ளிக்கூடத்துல ஒரு சீசா கெடையாது. நாய்க்கு வாங்கிப் போட்டிருக்காக பாரு. அடுத்த பிறவியில வாலோட பொறக்கணும்" என்பாள்.

மிளகு அங்கே வந்தபோது ஒரு வயதுகூட ஆகவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக, ஆடு மேய்க்கிற வெளிநாட்டுச் சாதி. ஐயா என்னவோ ஒரு ராணி பெயர் வைத்தார், எங்கள் நாக்கில் அது நிற்கவில்லை, மிளகு என்றே கூப்பிட்டோம். மற்றதையெல்லாம் விளையாட்டாகப் படித்துக்கொண்டவள் பலகையில்தான் கெட்டுப்போனாள். மழை பெய்த புல், ஈரப் பலகை. அவள் நடுவுக்கு வந்ததும் அது சடாரென்று சாய்ந்து கல்லில் அடித்தது. கீழே விழுந்தவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் பலகையை இழுக்கிற சத்தம் கேட்டாலே தொட்டிக்குப் பின்னால் ஓடிவிடுவாள்.

ஐயா கத்தவில்லை. அவர் கத்தவே மாட்டார். "போட்டி வரைக்கும் பார்ப்போம். ஏறலைன்னா தாண்டிக்குடிக்கு அனுப்பிரு, காபி காயப்போடுற களத்துல கட்டிக் கெடக்கட்டும்" என்றார், டீ வேண்டாம் என்று சொல்வதுபோல. போட்டிக்கு ஆகாது என்று தள்ளிய நாய்களை ஜீப்பில் ஏற்றி அங்கே விட்டுவந்தவன் நான்தான். அங்கே கட்டிய சங்கிலியை யாரும் அவிழ்ப்பதில்லை. கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரியும். பன்றிக்கும் சிறுத்தைக்கும் குரைத்துக் குரைத்து ஒருநாள் சங்கிலி மட்டும் கிடக்கும்.

அதனால் நான் மிளகோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பலகையைத் தாங்கியிலிருந்து கழற்றி வெறும் தரையில் போட்டு, அதன்மேல் சோற்றுத் தட்டை வைத்தேன். பலகை என்றால் சோறு என்று ஆனபிறகு அடியில் ஒரு செங்கல். கொஞ்சம் ஆடும், உடனே ஒரு பொறை ரொட்டித் துண்டு. சத்தத்துக்குப் பயப்படுகிறாளே என்று பலகை விழும் இடத்தில் வைக்கோல் சாக்கைப் போட்டேன். பிறகு சாக்கை எடுத்துவிட்டு, நானே பலகையைக் கையால் தட்டித் தட்டிப் பொறை கொடுத்தேன். கடைசியில் முழு உயரம். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பலகைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "வா தாயி, வா" என்று மெதுவாக இறக்குவேன். மிளகு நடுவுக்கு வந்ததும் நிற்பாள். குனிந்து என் கை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் ஓர் அடி எடுத்து வைப்பாள். ஒரு சீவன் நம்மை அப்படிப் பார்ப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயா ஒருநாள் வேலியோரம் நின்று கவனித்தார். நாய் விஷயத்தில் அவர் கண் தப்பாது.

"டேய், அது பலகைய நம்பலடா, ஒன் கைய நம்புது. போட்டியில பலகைய எவனும் தொடக்கூடாது. அங்க நடுவுல நின்னு கையத் தேடும், சனம் சிரிக்கும்."

அவர் சொன்னது நிஜம். "இன்னும் கொஞ்சநாள் குடுங்கய்யா. கைய ஒவ்வொரு விரலா எடுத்துர்றேன்" என்றேன்.

"ஒவ்வொரு விரலாவா? நாய்க்கு மோதிரம் போட்டுப் பாக்கப் போறியா?" என்று சிரித்தார்.

மறுநாள் வெள்ளனே வந்து, "ஸ்வெட்டரக் கழட்டு. குல்லாவையும் குடு" என்றார். ஏன் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. என்னைச் சமையல்கட்டுக்குள் அனுப்பினார். அக்கா அடுப்பை விட்டு எழுந்து, "இங்கிட்டுத் திரும்புலே, பாக்காத" என்றாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பனிமூட்டத்தில் என் ஸ்வெட்டரும் என் குரங்குக் குல்லாவும் பலகைக்குப் பக்கத்தில் என்னைப் போலவே குத்தவைத்து உட்கார்ந்திருந்தன. மிளகு ஓடிவந்து கையை மோந்தாள், வாலை ஆட்டினாள். "வா தாயி, வா." என் குரல்தான். அச்சாக என் குரல். அவள் ஏறினாள். நடுவில் நின்று குனிந்து பார்த்தாள். கை இருந்தது. ஓர் அடி வைத்தாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

அவள் தாடை பலகை விளிம்பில் அடித்துக் கீழே விழுந்தாள். அவர் அவளைத் தூக்கித் தடவிக்கொடுத்துப் பொறை காட்டினார், "வா தாயி" என்றார், மறுபடி ஏற்றினார். மறுபடி கையை வைத்து, மறுபடி உருவினார். ஒவ்வொரு தடவையும் அவள் நின்று பார்க்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. "வேணாம்யா, விடுங்கய்யா" என்று அக்கா சன்னலிலிருந்து கத்தியதற்கு அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. வெயில் ஏறுவதற்குள் மிளகு நிற்காமல், பார்க்காமல், விடுவிடுவென்று கடந்து இறங்கினாள்.

ஈரமான ஸ்வெட்டரை என்னிடம் மடித்தே கொடுத்தார். "இப்ப யாரையும் பாக்கல பாத்தியா? ஒன் சோலி முடிஞ்சுது."

மத்தியானம் நான் பொறையை நீட்டினேன். அவள் தரையோடு தரையாகப் படுத்து மூத்திரம் போய்விட்டாள். கீழே வைத்துவிட்டு நான் தள்ளிப் போனபிறகுதான் தின்றாள். கடைசிவரை அப்படித்தான். ஸ்வெட்டர் இல்லாமல், குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்படித்தான்.

போட்டியில் மிளகு ஜெயித்தாள். ஐயா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே காலையில பழக்குனேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் பிடித்துப்போய்க் கேட்டார், ஐயா கொடுத்துவிட்டார். தாண்டிக்குடிச் சங்கிலி அவளுக்கு இல்லை என்று ஆயிற்று. பிள்ளைகளா, கெட்டது செய்தவன் தோற்றான் என்று இந்தக் கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். அவர் தோற்கவில்லை. அவர் செய்தது பலித்தது. என் வழியில் விரல் விரலாக எடுத்திருந்தால் போட்டிக்குள் முடிந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிளகுக்கு வந்தது தைரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்த தைரியம், நின்று குனிந்து பார்த்துவிட்டு ஓர் அடி வைத்தாளே, அதுதான்.

உங்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது "விடப்போறேன், விடப்போறேன்" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடிவந்தேன் என்று இன்னமும் கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள்.

பெங்களூர்க்காரரின் கார் வந்த அன்றைக்கு மிளகு தானாகப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். பங்களாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயா வழியனுப்பிவிட்டு உள்ளே போனார், அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் புல்வெளிக்கு இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினேன். என் கனத்துக்கு அது முனகியது. நடுவைத் தாண்டியதும் காலுக்குக் கீழே எல்லாம் போய்விட்டது, பலகை தரையில் அறைந்தது. விழவில்லை, நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் வலது கை பக்கவாட்டில் நீண்டு, விரலெல்லாம் விரிந்து, எதையோ பிடிக்கப் போன மாதிரியே நின்றிருந்தது. அதை மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.