பனிக்கண்டத்தில் ஐந்து பச்சை விளக்கு

மகரவிளக்கு முடிந்து சபரிமலைக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில்தான் கிளம்பினேன். திருவனந்தபுரம் பழவங்காடியில் நான் சமைக்கும் ஹோட்டலுக்குச் சின்ன வயதிலிருந்தே அடை தின்ன வருகிறவள் கரமனை காயத்ரி. இப்போது கல்லூரியில் சூரிய மின்சாரம், காற்று மின்சாரம் கற்றுக்கொடுக்கிறாள். ஆறு மாணவர்களை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போக எல்லாம் தயார். பேசி வைத்த சமையல்காரர் மட்டும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். "மாமா, நீங்க வரேளா?" என்றாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சமையலுக்கு அது எதற்கு? சரி என்றேன். இதையும் நான் சொல்ல, மருமகள்தான் டைப் செய்கிறாள்.

செலவு குழுவுடையது. என் கைக்காசில் உடம்புப் பரிசோதனைக்கு 6,200 ரூபாய், கம்பளிக் காலுறை நாலு ஜோடிக்கு 1,800. கரமனையிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ இருநூறு. காலை ஒன்பதரைக்கு ஏறினோம். துபாய், சாவோ பாலோ, சாண்டியாகோ, பிறகு சிலியின் தென்கோடியில் புந்தா அரீனாஸ். நாலு விமானம், ஐம்பத்திரண்டு மணி நேரம். அங்கே வானம் தெளிய இரண்டு நாள் காத்திருந்து, சின்ன விமானத்தில் இரண்டே மணி நேரம். இறங்கியதும் மூக்குநுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் குடிசை தகரமும் மரமும். கூரையில் சூரியத் தகடுகள், வெளியே ஒரு காற்றாடி, உள்ளே பாட்டரிப் பெட்டி. பெட்டியில் வரிசையாக ஐந்து பச்சை விளக்கு. ஐந்தும் எரிந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. ஒவ்வொன்றாக அணைந்தால் தீர்கிறது. மூலையில் ஒரு டீசல் எஞ்சின், ஆபத்துக்கு மட்டும். பத்து நாள் அதைத் தொடாமல், சமையல் உட்பட எல்லாம் பாட்டரி மின்சாரத்திலேயே வாழ வேண்டும், பத்தாம் நாள் திருவனந்தபுரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கிருந்தே வீடியோவில் பாடம் எடுக்க வேண்டும். காயத்ரி இரண்டு வருஷமாக இதற்குத்தான் அலைந்தாள்.

காலை ஏழு மணிக்கு உப்புமா. அப்புறம் பிள்ளைகள் பனி வெட்டி வருவார்கள், உருக்கினால்தான் தண்ணீர். பிறகு தகட்டைத் துடைப்பது, கணக்கு எழுதுவது, வகுப்பு. மதியம் சோறு, சாம்பார். சாயங்காலம் பென்குவின்கள் எட்டிப் பார்க்கும். எங்கள் ஹோட்டலில் டோக்கனுக்கு நிற்கிறவர்களைவிட ஒழுங்காக வரிசையில் போகும்.

ஐந்தாம் நாள் மூடுபனி. காற்றும் நின்றது. ஆறாம் நாள் காலை ஒரே ஒரு விளக்கு. காயத்ரி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"பாட்டரி ஏதோ போயிடுத்து மாமா. இல்லாட்டா ஒரு நாள் மூடுபனிக்கு இப்படி இறங்காது. எஞ்சினைப் போட்டுட வேண்டியதுதான். முடியலைன்னு ஊருக்குச் சொல்லிடறேன்."

நான் அடுப்பருகே கொதித்துக்கொண்டிருந்த கரண்ட் கெட்டிலைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஹோட்டலில் குடிக்க வெந்நீர் இல்லாத நேரம் உண்டா? பதிமுகப் பட்டை போட்ட சிவப்பு வெந்நீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். இங்கேயும் அந்தக் கைப்பழக்கம்தான். முழு இருட்டே வராத ஊர், வெளிச்சம் சும்மாதானே கிடைக்கிறது என்று கெட்டிலை அணைக்கவே இல்லை.

"எஞ்சினைப் போடாத மக்கா. பாட்டரி மேல குத்தமில்ல. நான் வச்ச வெந்நிதான்."

"எப்போலேர்ந்து வெச்சேள்?"

"மூணாம் நாள் மத்தியானத்துல இருந்து. அன்னைக்கு சாம்பார் எறக்கும்போது அஞ்சு விளக்கு. நாலாம் நாள் உப்புமா கிண்டும்போது நாலு. நேத்து ரசம் கொதிக்கையில மூணு, அப்பளம் பொரிக்கையில ரெண்டு."

கணக்கு எழுதும் மாணவி ஷாஹினா நோட்டைப் புரட்டினாள். "டீச்சரே, எல்லாம் கரெக்டாணு! அப்பூப்பா, இது பழவங்காடி அல்ல கேட்டோ, இருபத்தினாலு மணி நேரமும் வெள்ளம் திளைப்பிக்க!" நாள் பூரா தண்ணீர் கொதிக்க வைக்க இது பழவங்காடி இல்லை தாத்தா என்கிறாள்.

காயத்ரி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர். "வெளிச்சம் வேற, வெயில் வேற மாமா. மூடுபனியில தகடு என்ன பண்ணும்?"

கெட்டிலை அணைத்தேன். சோறு எப்படி வேகவைப்பது? "எங்க உம்மா சூடாறாப்பெட்டியிலதான் வைக்கும்" என்றாள் ஷாஹினா. கொதித்த பானையைச் சூடு ஆறாமல் வைக்க, அவள் அம்மா மாதிரி நம் ஊரில் பாதி வீட்டில் வைத்திருக்கும் பெட்டிதான், எனக்குத்தான் தோன்றவில்லை. மருந்து வந்த தெர்மோகோல் பெட்டிக்குள் என் உறக்கப்பையைத் திணித்தோம். பத்து நிமிஷம் கொதித்த அரிசிப் பானையை உள்ளே இறக்கி மூடினோம். ஒன்றரை மணி நேரத்தில் சோறு வெந்துவிட்டது. உறக்கப்பையில் கஞ்சி வாசம் ஊர் திரும்பும்வரை போகவில்லை.

எட்டாம் நாள் காற்று வந்தது. பத்தாம் நாள் நாலு விளக்கு எரிய, பாடம் நடந்தது. திரையில் ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "அங்க கரண்ட் அதிகமா செலவானது எதுக்கு?" காயத்ரி என்னைப் பார்த்தாள். நானே முன்னால் போய் நின்றேன். "எனக்கு வெந்நி வைக்க" என்றேன். அங்கே பள்ளிக்கூடமே சிரித்தது. எஞ்சின் மேல் போட்ட துணி போட்டபடியே இருந்தது.

போகிறவர்களுக்கு: ஜனவரி நல்லது. வானிலைக்காக மூன்று நாள் கூடுதலாக வையுங்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனையும். குப்பை ஒரு துண்டுகூட விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். என் பதிமுகச் சக்கைகூட பையில் கட்டி வந்தது.

போன செவ்வாய்க்கிழமை காயத்ரி அடை தின்ன வந்தாள். சிவப்பு வெந்நீர் வைத்தேன். டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எத்தனை விளக்கு மாமா?" என்றாள்.

"அஞ்சும் எரியுது மக்கா. குடி."