சிவப்பெழுத்துக்குப் பயந்தவர்

நோயாளிகள் நடக்கும் விதத்தை அளக்கும் அந்த நடை ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘ஃபைனல்’ என்றுதான் பெயர். அவர் சேமிக்கும் ஃபைல்கள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதான் ஃபைனல்’ என்று குட்டிபோட்டுப் பெருகும். நாற்காலிக்குப் பின்னால் மூன்று பட்டங்களைச் சட்டம்போட்டு மாட்டியிருந்தார். ஒரு ஃபோல்டருக்கு ஒழுங்காகப் பெயர்வைக்க அந்த மூன்றில் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

வாழ்நாளில் அவர் சாதித்தது, கம்ப்யூட்டருக்குக் கட்டளை வரிகளாக ஆறு வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். நோயாளியின் காலில் பளபளக்கும் மார்க்கர் உருண்டைகளை ஒட்டி, முதலில் அசையாமல் நிற்கவைத்துக் கேமராவில் பதிவுசெய்வார்கள், பிறகு நடக்கவைத்து. நின்ற பதிவை அளவாக வைத்துத்தான் மென்பொருள் நடையைக் கணக்கிடும். ஸ்கிரிப்டை ஓடவிட்டால் எல்லாம் தானாக நடந்து அறிக்கை வந்துவிழும். அன்றிலிருந்து அவர் பட்டனை அமுக்குவார், டீ குடிப்பார், அமுக்கிய களைப்பில் சாய்ந்துகொள்வார்.

மார்க்கர் ஒட்டுகிற பிசியோதெரபிஸ்டுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து இடம் கண்டுபிடிப்பவள் அவள். அவரோ வருகிறவர்களிடமெல்லாம் அவளை ‘ஸ்டிக்கர் ஒட்டுற பொண்ணு’ என்பார்.

ஒருநாள் ஒரு கொத்தனாரின் ஒன்பது வயது மகள் வந்தாள். குதிகால் தரையில் படாமல் நடந்தாள். முழங்காலில் ஒரு குறையுமில்லை, நேராக நீள்வதை பிசியோதெரபிஸ்ட் கையால் பிடித்தே பார்த்திருந்தாள். அறிக்கையோ முழங்கால் இருபத்திரண்டு டிகிரி மடங்கியே கிடக்கிறது என்றது. அதை நம்பி, பின்தொடைத் தசைநாரை நீட்டும் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை என்று சர்ஜன் நாள் குறித்துவிட்டார். நன்றாக இருக்கும் முழங்காலில் கத்தி வைத்தால் அந்தக் கால் தொய்ந்துபோகும்.

பிசியோதெரபிஸ்ட் அறிக்கையோடு ஃபைனலிடம் போனாள். கண்ணால் பார்ப்பதெல்லாம் அறிவியல் ஆகாது என்று அவர் கால்மணி நேரம் வகுப்பெடுத்தார். எடுத்து முடிக்கட்டும் என்று நின்றவள், கணக்குக்கு எடுத்த அளவுகளைத் திறக்கச் சொன்னாள். உயரம் நூற்று எழுபத்துநாலு சென்டிமீட்டர்.

“சார், அந்தக் குழந்தை என் நெஞ்சுக்குக்கூட வராது. இது யாரோட உயரம்?”

முந்தின நாள் வந்த லாரி டிரைவருடையது. சிறுமி நின்ற பதிவுக்கு அவர் ‘இதான் ஃபைனல்’ என்று பெயர் வைத்திருந்தார். ஸ்கிரிப்டுக்குத் தெரிந்ததோ ‘ஃபைனல்’ என்ற பெயர் மட்டும். தேடிப் பார்த்துக் கிடைக்காமல், டிரைவரின் பதிவை எடுத்துக்கொண்டது. ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுபோகாமல் ஏன் அதை எடுத்தது என்று அவள் கேட்டாள்.

“சிவப்பெழுத்துல எரர்னு வந்து நின்னா நம்ம லேப் டைரக்டர் முன்னாடி அசிங்கமா இருக்கும்மா. அதான், இல்லேன்னா முந்தின ஆளோடத எடுத்துக்கன்னு ஒரு வரி போட்டேன்.”

“உங்க அசிங்கத்த மறைக்க அவ கால் கேக்குதா உங்களுக்கு?”

மென்பொருள் கோளாறு என்று சொல்லிவிடலாமே என்று அவர் இழுப்பதற்குள் அவள் சர்ஜனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை ரத்தானது. சரியான பதிவை வைத்து ஓட்டியபோது முழங்கால் இரண்டே டிகிரி. குறை கணுக்காலில்தான்.

ஃபைனலுக்கு உயிர் திரும்பியது. “பாத்தியாம்மா, ஸ்கிரிப்ட் நல்ல ஸ்கிரிப்ட்தான்.”

“ஆறு வருஷத்துல இப்படி எத்தனை பேருக்கு ஓட்டிருக்கீங்க?”

அவர் பட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அவரை எழுப்பிவிட்டு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை அழித்துவிட்டுப் பழைய ஃபோல்டர்களை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஐந்தாவது நோயாளியின் ஃபோல்டரிலேயே திரையில் சிவப்பெழுத்து வந்து நின்றது.