படச்சட்டத்தில் ஒரு கரும்பலகை

படச்சட்டக் கடைக்காரர் தன் மச்சானுக்குப் பதினோராயிரம் தர வேண்டியிருந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சட்டத்தின் மூலைகளைச் சாய்த்து வெட்டும் மிஷினுக்காக மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கடன். வட்டி கிடையாது, வட்டிக்குப் பதில் பேச்சு உண்டு. வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்பிள்ளை, நம்ம மிஷின் நல்லா ஓடுதா?" என்பார் மச்சான். அதைக் கேட்டதும் கடைக்காரரின் மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மற்றபடி கடைக்காரர் யாருக்கும் தலை குனிந்தவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் அடுத்தவன் கடையில் கண்ணாடி துடைத்தார், முப்பதில் சொந்தக் கடை போட்டார். சாண் வைத்தே அளவு சொல்வார், நூல் பிசகாது. "படிச்சவன் பேனாவைத் தேடி எடுக்கிறதுக்குள்ள நான் நாலு மூலையையும் சேர்த்துடுவேன்" என்பார். தெருவில் ஒருவரும் மறுத்ததில்லை. மறுத்தால் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டிவரும்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அம்மாள் வந்தார். அன்றன்றைக்கு என்ன இருக்கிறது, என்ன விலை என்று எழுதி வைக்க அவருக்குப் பலகை வேண்டும். ஊரில் அவருக்கு மூன்று கடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு.

"கடையில விக்கிறதை வாங்கி மாட்டினா பள்ளிக்கூடம் மாதிரி இருக்குண்ணே. சாப்பிட வர்றவன் பயந்து ஓடிடுவான். அழகா ஒண்ணு செஞ்சு காட்டுங்க. பிடிச்சா எட்டும் உங்ககிட்டதான்."

எட்டும் கிடைத்தால், கையிருப்போடு சேர்த்து மச்சான் கணக்கு அன்றோடு தீரும். கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராத தங்க நிறச் சட்டம் ஒன்று சுவரோரம் தூசி குடித்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி உட்காரும் பள்ளத்தை அளந்து, அதே அளவில் பிளைவுட் அறுத்து, உப்புத்தாளால் கன்னம் போலத் தேய்த்தார். பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட்டில், டைல்ஸ் இடுக்கில் பூசும் பவுடரைக் கட்டி தட்டாமல் கலக்கினார். சாக்பீஸ் பிடிக்க வேண்டுமென்றால் பலகைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். முதல் பூச்சு மேலும் கீழுமாக, காய்ந்தபின் இரண்டாவது குறுக்காக. மூன்று நாள் காயவிட்டுச் சட்டத்துக்குள் வைத்துப் பின்னால் சிறு ஆணி அடித்தார். தங்க விளிம்புக்குள் கறுப்பு, ராஜா வீட்டு ஜன்னல் மாதிரி இருந்தது.

மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சாக்பீஸை எடுத்துத் தன் பெயரைப் பெரிதாக எழுதினார். அவர் தப்பில்லாமல் எழுதும் ஒரே சொல் அதுதான். தள்ளி நின்று ஒருமுறை பார்த்தார், பக்கத்தில் வந்து ஒருமுறை பார்த்தார், துடைத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கடை அம்மாள் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அண்ணே, கடை என்னுதா, உங்களுதா?"

பெயர் அப்படியே நின்றது, புகை படிந்தது போல. ஈரத்துணி, எலுமிச்சை, சோப்பு எதற்கும் மசியவில்லை. கல்லாப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். "நாலு நாள்ல சரியா ஒண்ணு கொண்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார் அம்மாள்.

வீட்டில் மனைவி பலகையைத் தடவிப் பார்த்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள். வகுப்பில் பலகை துடைக்கும் பொறுப்பு அவளுக்குத்தான்.

"புதுப் பலகைல எழுதறதுக்கு முன்னாடி சாக்பீஸைப் படுக்க வெச்சு முழுக்கத் தேய்ப்பாங்க. அப்புறம் துணியால துடைப்பாங்க. பெயின்ட்டுல இருக்கிற குழியெல்லாம் மாவு போய் அடைச்சுக்கும். நீங்க வெறும் பலகைல எழுதினீங்க, குழிக்குள்ள எழுத்து போய் உட்கார்ந்துடுச்சு."

"இத்தனை வருஷமா தொழில் பண்றவன் நானா, நீயா?"

"நீங்கதான். அதான் உங்க பேர் அழியவே மாட்டேங்குது."

அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். உப்புத்தாளால் பெயரைச் சுரண்டி எடுத்தார். சொந்தப் பெயரைச் சுரண்டுவது லேசான வேலை இல்லை. மறுபடி பூசி, மறுபடி காயவிட்டு, நான்காம் நாள் காலையில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு முழு சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகையெங்கும் தேய்த்தார். துடைத்தார். ஓரத்தில் ஒரு கோடு போட்டுத் துடைத்தார். கோடு இருந்த இடம் தெரியவில்லை.

அம்மாள் எழுதி அழித்துப் பார்த்துவிட்டு, மிச்சம் ஏழுக்கும் சேர்த்து முன்பணம் தந்தார். "இப்ப மட்டும் எப்படிண்ணே அழியுது?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்மா" என்றார் கடைக்காரர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

எட்டாவது பலகையும் போய்ச் சேர்ந்த வாரம், மச்சான் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் ஆரம்பித்தார்.

"என்ன மாப்பிள்ளை, நம்ம மிஷின்..."

"இருங்க மச்சான். கையை நீட்டுங்க."

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தார். மூன்று வருடமாக இந்த நிமிஷத்துக்கென்றே ஒரு பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார். கண்ணாடி துடைத்த காலத்திலிருந்து தொடங்கும் பேச்சு. டம்ளரை எடுக்கக் குனிந்த மனைவியைப் பார்த்தார். பேச்சை விழுங்கிக்கொண்டு பணத்தை அவளிடம் நீட்டினார்.

"சாக்பீஸ் தேய்க்கச் சொன்னது நீதானே. நீயே எண்ணிக் குடு."

அவள் டம்ளரை வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எதுக்கும்மா, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று அண்ணன் இழுத்தார்.

"இருக்கட்டும்ண்ணா. கையை மடக்காதீங்க."

விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள்.