சிவப்பு கிளிப்

எங்கள் கடையில் எல்லோருடைய ஆர்டரும் சொன்ன நாளுக்குப் போய்ச் சேரும், எங்கள் வீட்டுப் பெண் கொடுத்த ஆர்டரைத் தவிர. ஏழாம் வகுப்பில் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறிவிட்டதென்று சொல்ல மாட்டேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் மேலே வீடு, கீழே கடை. டீ-ஷர்ட்டில் படம், பெயர், எண் எது கேட்டாலும் போட்டுத் தருவோம். அப்பா ஆர்டர் எடுத்து, நிறம், அளவு, எண்ணிக்கை, தேதி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் அட்டையில் எழுதுவார். அட்டையைத் துணிக்கூடையில் கிளிப் போட்டு மாட்டிவிட்டால் அது அறை அறையாகப் போகும். முதலில் சித்தப்பா அச்சடிப்பார், பிறகு அத்தை மிஷினில் எம்பிராய்டரி போடுவாள், கடைசியில் அம்மா இஸ்திரி போட்டுக் கட்டுவாள். வேலையை முடித்தவர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கூடையை அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும். எந்த ஆர்டர் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

உண்மையில் அட்டையிலிருந்த தேதியை ஒருவரும் படித்ததில்லை. அவர்கள் பார்த்தது கிளிப்பை மட்டும்தான். சாதாரண வேலைக்கு நீலம், அவசரத்துக்குச் சிவப்பு. சிவப்பு கிளிப் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அப்பாதான் மாட்டுவார், மாட்டிவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நான் பள்ளி த்ரோபால் அணியின் கேப்டன். வெள்ளிக்கிழமை தி.நகர் மைதானத்தில் போட்டி. பன்னிரண்டு ஜெர்சிகளுக்கு ஒரு வாரம் முன்பே முறையாக ஆர்டர் கொடுத்து, அட்டையை என் கையாலேயே எழுதினேன். வியாழக்கிழமை ஜெர்சி கையில் இருக்கும் என்று அணியில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன். திங்கள் போனது, செவ்வாய் போனது, கூடை சித்தப்பாவின் அறையை விட்டு நகரவில்லை.

சித்தப்பாவிடம் போனால், "நம்மூட்டு ஆர்டர்தானே, எங்க ஓடிடப் போவுது?" என்றார். அத்தை, "பிரிண்ட்டே வரல, நான் இன்னாத்து மேல தைக்கிறது?" என்றாள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வந்தா மடிச்சித் தரேன்டி. வராததுக்கு என்னாண்ட வந்து இன்னாத்துக்குக் குதிக்கிற?" என்றாள். வெளியாள் என்றால் இப்படிப் பதில் சொல்லியிருப்பார்களா?

புதன்கிழமை மாலை நான்கு இளைஞர்கள் வந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பா அவர்களோடு வாசலில் நின்று ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். ஐந்தே நிமிடத்தில் அட்டை எழுதி, நான் பார்க்கப் பார்க்கச் சிவப்பு கிளிப்பை எடுத்து மாட்டிவிட்டு, துணி வாங்கத் திருப்பூருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போனதும் அந்த அட்டையைப் படித்தேன். கருப்பு, இருபத்திரண்டு. முன்னால் படம், பின்னால் எட்டு. இருபத்திரண்டு பேருக்கும் எட்டு! ஒரு அணியில் எல்லோருக்கும் ஒரே எண் இருந்தால் நடுவர் யாரைப் பார்த்து ஊதுவார்? விளையாட்டின் அரிச்சுவடிகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். கூடையில் இருந்த படத்தில் ஒருத்தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இவன்தான் கேப்டனாக இருக்க வேண்டும். நானும்தான் கேப்டன், என் மூஞ்சியை எல்லோர் நெஞ்சிலுமா ஒட்டச் சொன்னேன்?

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது சிவப்பைக் கழற்றி என் கூடையில் மாட்டினேன். என் கூடையிலிருந்த நீலத்தை அங்கே மாட்டினேன். நான் செய்தது நியாயம் என்றே அப்போது நினைத்தேன். சாயங்காலம் திரும்பியபோது மூன்று கையெழுத்துகளோடு பன்னிரண்டு ஜெர்சிகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை நான் ஜெர்சியோடு படியிறங்கி வந்தபோது அப்பா பெட்டியும் கையுமாக அப்போதுதான் வந்திருந்தார். அந்த நால்வரும் எதிரே நின்றார்கள். அவர்களுடைய கூடையில் இருபத்திரண்டு கருப்புத் துணிகளும் அச்சில்லாமல் வெறுமையாகக் கிடந்தன.

"இன்னாடா இது?"

"நீலந்தானண்ணா மாட்டியிருந்துச்சு" என்றார் சித்தப்பா.

அப்பா கிளிப்பைப் பார்த்தார். பிறகு என் ஜெர்சியைப் பார்த்தார். நால்வரில் ஒருவன், "பத்து மணிக்கு நைனா. அவங்கம்மா காத்துனு இருக்கும்" என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் தானே கொண்டுவந்து தருவதாக அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்கள். அப்பா சித்தப்பாவைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. நான் வாயைத் திறக்காமல் மைதானத்துக்குப் போனேன்.

நாங்கள் ஜெயித்தோம். கோப்பையோடு வீட்டுக்கு வந்தால் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்பா உட்பட வீட்டார் நான்கு பேரும் கருப்புத் துணியில் மூழ்கிக் கிடந்தார்கள். முடிந்ததும் அப்பா, "ஸ்கூட்டர்ல ஏறு" என்றார். ஜெர்சியை மாற்றக்கூட விடவில்லை. காலையிலிருந்து ஆடிக் களைத்தவள் மடியில் அந்தப் பெரிய மூட்டையை வைத்தார். இதென்ன அக்கிரமம்!

சைதாப்பேட்டையில் ஆற்றோரச் சந்து. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அதே சிரிப்பு, பெரிய படமாக, மாலைக்கு நடுவில் இருந்தது. பைக்கில் அடிபட்டுப் போனவனாம், அன்று பதினாறாம் நாள். களத்தில் அவனுடைய எண் எட்டு. எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. அளவையும் நிறத்தையும் எழுதத் தெரிந்தவருக்கு இதை அட்டையில் எழுதத் தெரியவில்லையா? எழுதியிருந்தால் நான் அந்தக் கிளிப்பைத் தொட்டிருப்பேனா?

"நீயே குடு" என்றார் அப்பா. பாயில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் மூட்டையைக் கொடுத்தேன். அவர் ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் ஆடுவியா பாப்பா?"

"த்ரோபால். நான்தான் கேப்டன்."

"இன்னிக்கு ஜெயிச்சியா?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. முதல் செட்டிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சட்டையைத் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டார். அப்பா வாசலில் தலைகுனிந்து நின்றார்.

திரும்பும் வழியில், "சித்தப்பாவ அனுப்பியிருக்கலாமேப்பா?" என்று கேட்டேன்.

"நீ வந்து குடுத்தாதான் சரியா இருக்கும்னு தோணுச்சும்மா."

புது ஜெர்சியில் இருக்கும் மகளை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மேலிருந்த கோபமெல்லாம் தீர்ந்து, ஸ்கூட்டரில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.