அடிக்கண்ணாடியில் கருப்புப் புள்ளிகள்

சைலஸுக்கு எதையும் தட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பலாப்பழம், சுவர், இரும்புக் குழாய், எதுவானாலும் முதலில் விரல் கணுதான் பேசும். மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் அவருடைய அப்பா, ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் இறங்கியதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டி, கணீரென்று கேட்டால் நிற்பார். பொத்தென்று கேட்டால் விலகிவிடுவார். அப்படித்தான் பிழைத்து ஓய்வு பெற்றார். சைலஸ் சுரங்கத்துக்குப் போகவில்லை. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டரானார். தட்டுகிற பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

கண்ணாடியில் துளை போட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தொழிற்சாலையில் வால்வு தேய்க்கும் கார்பரண்டம் பசையைப் பார்த்துவிட்டு, அதைப் பித்தளைக் குழாயின் விளிம்பில் தடவி, கைடிரில்லில் மாட்டி, உடைந்த ஜன்னல் துண்டுகளில் ஞாயிறு தவறாமல் பழகினார். அவர் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதியில் மீன் வளர்க்கிறவர்கள் குழாய் வைக்க அவரிடம்தான் வருவார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடையில் அவர் வீட்டுத் தொட்டியே ஓரம் விட்டு ஒழுகத் தொடங்கியது. மனைவி ஜெனிட்டா குஞ்சிலிருந்து வளர்த்த ஏஞ்சல் மீன் ஜோடி, முதல் முறையாகப் பொரித்த குஞ்சுகளோடு பிளாஸ்டிக் டிரம்முக்கு மாறியது. வெயிலில் டிரம் சூடேறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நல்ல வேளையாக, பங்களாவைக் காலி செய்த ஓர் அதிகாரி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தன் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் குழாய்க்குத் துளை போட உட்கார்ந்தார் சைலஸ்.

"ஓட்டையெல்லாம் இன்னாத்துக்குங்க? அப்படியே தண்ணி ஊத்தி உட்டுடலாம்" என்றாள் ஜெனிட்டா.

"ஊத்தற தண்ணி கெட்டுப் போனா மறுபடி எங்கேர்ந்து கொண்டாருவே? கொழாய்ல எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா? ஓட்டை போட்டாத்தான் அதே தண்ணி மணல்ல வடிஞ்சு திரும்பி வரும்."

தண்ணீரை அடிமட்டத்திலிருந்து இழுப்பதுதான் அந்த ஊர் வழக்கம். சுரங்கத்தில் பம்பு கடைசி லெவலில்தானே இருக்கும். அதனால் அடிக்கண்ணாடியில்தான் துளை என்று முடிவு செய்தார். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விரல் கணுவால் தட்டினார். கணீரென்றது.

"கெட்டிக் கண்ணாடி. பயமே இல்ல" என்று டிரில்லை எடுத்தார்.

அடுத்த வீட்டு ரிச்சர்ட், போன வாரம் ஒரு கல்யாணத்தில் பிடித்த படங்களைக் கழுவி வாங்கிக்கொண்டு, கேமராவும் கழுத்துமாய் வந்து நின்றான். "இன்னாண்ணே, பாறையத் தட்டறாப்ல தட்டறீங்க? பொண்ணு மாப்ள கார் படம் பாருங்கண்ணே, பின் கண்ணாடி பூரா சிறுத்தைப் புள்ளி. கண்ணாடி மினுக்கக் கூடாதுன்னு லென்ஸ்ல ஃபில்டர் மாட்டினேன், அதுல பார்த்தா புள்ளி, எடுத்துட்டா இல்ல. மாப்ள வூட்டுக்காரன் என்னைத் திட்றான்."

சைலஸின் கை டிரில்லிலேயே நின்றது. காரின் பின் கண்ணாடி எந்தக் கண்ணாடி என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஒருத்தர் டம்ப்பர் லாரி கேபினின் பக்கக் கண்ணாடியில் துளை போடப்போக, அது ஒரே நொடியில் கற்கண்டாக உதிர்ந்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்த கண்ணாடி. உள்ளே இறுக்கத்தை அடக்கி வைத்திருக்கும். தட்டினால் அதுவும் கணீரென்றுதான் கேட்கும். அந்த இறுக்கம்தான் ஃபில்டரில் புள்ளியாகத் தெரிகிறதோ?

"ரிச்சர்ட், அந்த ஃபில்டரக் குடுப்பா."

"ஒடைச்சிடாதீங்கண்ணே, பெங்களூர்ல வாங்கினது."

அவர் உடனே தொட்டியிடம் போகவில்லை. முதலில் தெருமுனையில் நின்ற ஒரு காரின் பின் கண்ணாடி. வடக்கு வானம் அதில் பளபளத்தது. ஃபில்டரைத் திருப்பத் திருப்பப் புள்ளிகள் வந்தன. அடுத்து சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அதே வானத்துக்கு நேராகப் பிடித்தார். ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் தொட்டியைத் தூக்கி, திறந்த வாய் வழியாக வானம் தெரிய, அடிக்கண்ணாடியைப் பார்த்தார்.

மேகத்தில் மை சிந்தினது போலக் கருப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக.

"ஐயோ" என்றாள் எட்டிப் பார்த்த ஜெனிட்டா. "இதுலயா போடப் போனீங்க?"

சைலஸ் தொட்டியைத் திருப்பி, பின்கண்ணாடி, முன்கண்ணாடி, பக்கங்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தார். ஃபில்டரை முழுச் சுற்றுச் சுற்றினார். ஒரு புள்ளி இல்லை. மனம் கேட்காமல் மறுபடியும் பார்த்தார்.

"பின்னாடி, மேல ஓரமாப் போடறேன். நெறைஞ்சு வழியற தண்ணி போவட்டும்."

தொட்டியைப் பின்பக்கம் மேலே வரப் படுக்க வைத்து, பின்கண்ணாடியில் களிமண்ணால் வட்ட வரப்பு கட்டி, நீர் ஊற்றி, உள்பக்கம் பலகை முட்டுக் கொடுத்து, மெல்லச் சுற்றத் தொடங்கினார். பசை கரகரத்தது. தெருவில் போன ஒரு லாரியின் ஹாரனுக்கு ஜெனிட்டா துள்ளி விழுந்தாள். கண்ணாடி நன்றாக மெலிந்ததும், அழுத்தத்தைக் குறைத்து, குழாயின் எடையிலேயே அது இறங்கட்டும் என்று விட்டார். வட்டக் கண்ணாடி ஒன்று டக்கென்று பலகைமேல் விழுந்தது.

சைலஸ் துளையின் விளிம்பை விரலால் தடவினார். விரிசல் இல்லை.

"இப்பவாச்சும் மூச்சு உடுங்க" என்றாள் ஜெனிட்டா.

தொட்டியைக் கழுவி, ரப்பர் வாஷரும் குழாயும் முறுக்கி, டிரம் தண்ணீரை வடிகட்டி ஊற்றினார்கள். குஞ்சுகளைக் கரண்டியால் மொண்டு விட்டாள் ஜெனிட்டா. பெரிய மீன் இரண்டும் சிறிது நேரம் மூலையிலேயே நின்றன. பிறகு ஒன்று செவுளைச் சாதாரணமாக அசைத்துக்கொண்டு நடுவுக்கு வந்தது. மற்றதும் பின்னாலேயே வந்தது.

"ஃபில்டர் என்கிட்டயே இருக்கட்டுமா?" என்றார் சைலஸ்.

"மாப்ள வூட்டுக்குப் பதில் நீங்க சொன்னா, வெச்சிக்கோங்கண்ணே" என்றான் ரிச்சர்ட்.

ஜெனிட்டா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.